‘சாப்பர்’ படத்தைப் பார்த்துச் சிரிக்கலாமா?

கேள்வி: நண்பர்கள் நாலு பேரோடு உட்கார்ந்து ‘சாப்பர்’ என்ற ஆஸ்திரேலியப் படத்தைப் பார்த்தேன். 2000-இல் வந்த படம். அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பே வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. ஒரு ரவுடியை ஹீரோ ஆக்கி வைத்திருக்கிறார்கள் என்று தோன்றியது. ஆஸ்திரேலியர்கள் இதை ஏன் இப்படிக் கொண்டாடுகிறார்கள்? இது பிளாக் காமெடியா, இல்லை குற்றவாளிக்குக் கொடுத்த விளம்பரமா?

பதில்:

உங்களுக்கு வந்த எரிச்சலை நம்புங்கள். உங்கள் நண்பர்கள் சிரித்ததிலும் தப்பில்லை. இந்தப் படத்தைப் பற்றி இத்தனை வருடமாக இங்கே ஆஸ்திரேலியாவில் நடக்கும் பேச்சே இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. நான் நாலைந்து முறை பார்த்திருக்கிறேன். முதல் தடவை நன்றாகவே சிரித்தேன். அடுத்த தடவைகளில் சிரிப்பு எந்த இடத்தில் நின்றுபோகிறது என்று கவனிக்க ஆரம்பித்தேன். அப்போதுதான் படம் எதைப் பற்றியது என்று எனக்குப் பிடிபட்டது. கேட்க ஒரு ஆள் கிடைத்தால் போதும், கதை அளந்துகொண்டே இருக்கும் ஒரு மனிதனைப் பற்றிய படம் அது. அவனுக்குப் பணம்கூட இரண்டாம் பட்சம்தான். ஆடியன்ஸ் வேண்டும். நாம் சிரிக்கும்போது அந்த ஆடியன்ஸாக நாம் ஆகிவிடுகிறோம். அதை நமக்கே உணர்த்திவிடுவதால்தான் இந்தப் படத்தின் மேல் எனக்கு இவ்வளவு மதிப்பு.

கொஞ்சம் பின்னணி சொல்கிறேன். படத்தில் வருபவனைச் சாப்பர் என்றும், நிஜ மனிதரை ரீட் என்றும் எழுதுகிறேன். இருவரையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்வதில்தான் பாதிச் சண்டை வருகிறது. இது வாழ்க்கை வரலாறு இல்லை, கதைக்காக உரிமை எடுத்துக்கொண்டிருக்கிறோம் என்று படமே தொடக்கத்தில் எழுதிக் காட்டிவிடுகிறது.

மார்க் பிராண்டன் ரீட் 1954-இல் மெல்பர்னில் பிறந்தவர். சாதாரண ஆட்களைக் கொள்ளையடிப்பது அவர் தொழில் இல்லை. போதைமருந்து வியாபாரிகளையும் மற்ற ரவுடிகளையும் மடக்கி, சித்திரவதை செய்து பணம் பறிப்பார். அவர்கள் போலீஸிடம் போக முடியாது, அதுதான் அதில் உள்ள வசதி. 1978-இல், சிறையிலிருந்த தன் நண்பன் ஜிம்மி லோக்னனை விடுவிக்க வேண்டும் என்று சொல்லி, கோர்ட்டுக்குள்ளேயே ஒரு நீதிபதியைத் துப்பாக்கி முனையில் கடத்தப் பார்த்து மாட்டிக்கொண்டார். இருபது வயதிலிருந்து முப்பத்தெட்டு வயதுவரை அவர் வெளியே இருந்தது மொத்தம் பதின்மூன்று மாதம்தான். எத்தனை பேரைக் கொன்றீர்கள் என்று கேட்டால் பத்தொன்பது என்று சொன்னதுண்டு, அதைவிட மிகக் குறைவாகச் சொன்னதும் உண்டு. ஆனால் எந்தக் கொலைக்கும் கோர்ட்டில் அவருக்குத் தண்டனை ஆனதில்லை. சிறையிலிருந்து பத்திரிகையாளர் ஜான் சில்வெஸ்டருக்கு அவர் எழுதிய கடிதங்கள் 1991-இல் புத்தகமாக வந்து, அது நன்றாக விற்று, வரிசையாகப் புத்தகங்கள் வந்தன. 2013 அக்டோபரில் ஈரல் புற்றுநோயில் இறந்தார்.

அவர் நெடுங்காலம் அடைபட்டிருந்த பென்ட்ரிட்ஜ் சிறை மெல்பர்னுக்கு வடக்கே கோபர்க்கில் இருக்கிறது. நான் ஆறு வருடம் அந்தப் பக்கம்தான் வாடகைக்கு இருந்தேன். சிட்னி ரோட்டில் 19-ஆம் எண் டிராம் அதை ஒட்டித்தான் போகும். கறுத்த கல்லால் எழுப்பிய உயரமான மதில், கோட்டை மாதிரி வாசல். ஆஸ்திரேலியாவில் கடைசியாகத் தூக்கிலிடப்பட்ட ரொனால்ட் ரயான் 1967-இல் இந்த மதிலுக்குள்தான் இறந்தார். 1997-இல் சிறையை மூடிவிட்டார்கள். மூடிய கொஞ்ச நாளில் ‘சாப்பர்’ குழு உள்ளே போய்ப் படம் எடுத்தது. இன்றைக்கு அங்கே அடுக்குமாடி வீடுகள், காபிக் கடைகள், ஒரு திரையரங்கு எல்லாம் வந்துவிட்டன. மதில் மட்டும் அப்படியே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு அந்த வாசலில் ஆட்கள் போவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் படம் ஞாபகத்துக்கு வரும்.

சரி, சிரிப்புக்கு வருவோம். அது எப்படி வேலை செய்கிறது என்பதற்கு இரண்டு காட்சிகள் போதும்.

முதலாவது, கீத்தி ஜார்ஜ் காட்சி. ஹெச் டிவிஷன் என்பது பென்ட்ரிட்ஜில் மிக மோசமான கைதிகளை அடைத்த பகுதி. அங்கே கீத்தி என்ற பெரிய கையோடு சாப்பருக்கு வாய்த்தகராறு வருகிறது. எதிர்பாராத நேரத்தில் சாப்பர் பாய்ந்து அவன் முகத்திலும் கழுத்திலும் மாறி மாறிக் குத்துகிறான். பார்க்கவே முடியாது, அவ்வளவு ரத்தம். கீத்தி தரையில் கிடக்கிறான். இதுவரை எந்த ரவுடிப் படத்திலும் வரக்கூடிய காட்சிதான். ஆனால் அடுத்து நடப்பதைப் பாருங்கள். சாப்பருக்குக் கோபம் இறங்கிவிடுகிறது. குத்துப்பட்டுக் கிடப்பவனிடம் திரும்பி வந்து, ஏதோ கால் தடுக்கி விழுந்த பக்கத்து வீட்டுக்காரரை விசாரிப்பது போல விசாரிக்கிறான், சிகரெட் கொடுக்கிறான். குரலில் உண்மையான அக்கறை இருக்கிறது. நடிப்பு இல்லை. அவனுக்கு நிஜமாகவே வருத்தம்.

இந்த இடத்தில் தியேட்டரில் சிரிப்பு வரும். எதைப் பார்த்து வருகிறது? அவன் குத்தியதைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. குத்தின கைக்கும் சிகரெட் நீட்டும் கைக்கும் நடுவில் அந்த ஆளுக்கு எந்த இடைவெளியும் தெரியவில்லை என்பதைப் பார்த்துத்தான் வருகிறது. பயத்தில் வரும் சிரிப்பு அது. இப்படி ஒருவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் எந்த நிமிடம் என்ன செய்வான் என்று தெரியாதே என்ற பயம்.

இரண்டாவது காட்சி இதைவிட அபாரமானது. யாருக்காக நீதிபதியைக் கடத்தப் போனானோ அந்த ஜிம்மியே சாப்பரைக் கத்தியால் குத்துகிறான். ஒரு குத்து இல்லை, திரும்பத் திரும்ப. சாப்பர் அலறவில்லை. திருப்பி அடிக்கவில்லை. குனிந்து தன் வயிற்றைப் பார்க்கிறான். பிறகு நண்பன் முகத்தைப் பார்க்கிறான். உனக்கு என்னப்பா ஆச்சு என்கிற தொனியில் பேச்சுக் கொடுக்கிறான். குத்திக்கொண்டிருப்பவனையே அணைத்துக்கொள்கிறான். ஜிம்மிக்குத்தான் நடுக்கம் வருகிறது.

முதல் தடவை பார்க்கும்போது இது அசட்டுத் துணிச்சலாகத் தெரியும், சிரிப்பு வரும். மறுபடி பார்த்தால் இதில் காதல் முறிவுக் காட்சியின் துக்கம் இருக்கிறது. நண்பன் தன்னைக் குத்திவிட்டான் என்பது அவன் மண்டைக்குள் ஏறவே மாட்டேன் என்கிறது. சாப்பராக நடிக்கும் எரிக் பானா அந்தச் சில நொடிகளில் புருவத்தைக்கூடப் பெரிதாக அசைக்கவில்லை. சின்னக் குழந்தை அடி வாங்கியதும் அழுவதற்கு முன்னால் ஒரு நொடி ஆச்சரியமாகப் பார்க்குமே, அந்தப் பார்வைதான் பார்க்கிறார். என்னைக் கேட்டால் படத்தின் உச்சம் அங்கே, முதல் பாதியிலேயே வந்துவிடுகிறது.

அதற்குப் பிறகு, ஹெச் டிவிஷனிலிருந்து வெளியே போக வேறு வழி இல்லை என்று இன்னொரு கைதியை வைத்துத் தன் இரண்டு காதுகளையும் அறுத்துக்கொள்கிறான். நிஜத்தில் ரீட் செய்ததுதான். அந்த டிவிஷனில் வருடக்கணக்காக நடந்த கோஷ்டிச் சண்டையே, கிறிஸ்துமஸுக்கு வந்த சாசேஜ்களை ரீட் தின்றுவிட்டார் என்ற புகாரில்தான் தொடங்கியது என்று அவர் எழுதியிருக்கிறார். உண்மையோ புளுகோ, கேட்டவுடன் சிரிப்பு வருகிறதா இல்லையா? அந்தச் சண்டையில் ஆட்கள் செத்துப்பிழைத்தார்கள் என்பது பிறகுதான் உறைக்கிறது. படத்தின் நகைச்சுவை முழுக்க இந்த வரிசையில்தான் வருகிறது, முதலில் சிரிப்பு, அப்புறம் கணக்கு.

படம் பார்த்தவர்கள் சொல்வதைக் கேட்டால் மூன்று விதமான பேச்சு காதில் விழும். வசனத்தை மனப்பாடமாகச் சொல்லிச் சிரிப்பவர்கள் ஒரு பக்கம். அவர்களுக்கு இது கிட்டத்தட்ட ஒரு காமெடிப் படம். உங்களைப் போல, இந்த ஆளுக்கு ஏன் ஒரு படம் என்று கேட்பவர்கள் இன்னொரு பக்கம். நடுவில், கதையே இல்லையே, தொடர்பில்லாத சம்பவங்களாக இருக்கிறதே என்று சலித்துக்கொள்பவர்கள். மூன்றாவது கூட்டத்தில் பலர், அதே சமயத்தில் வந்த மற்ற ஆஸ்திரேலியக் குற்ற நகைச்சுவைப் படங்களைப் பார்த்துவிட்டு வந்தவர்களாக இருப்பார்கள். 1999-இல் ஹீத் லெட்ஜர் நடித்த ‘டூ ஹேண்ட்ஸ்’, 2003-இல் டேவிட் வென்ஹாம் நடித்த ‘கெட்டிங் ஸ்கொயர்’ மாதிரிப் படங்களில் தாதாக்கள் அரை டிராயரும் ரப்பர் செருப்புமாகத் திரிவார்கள், கோர்ட்டில் சாட்சி சொல்ல வந்தவன் பஸ் காசு கேட்பான், கடைசியில் நல்லவனுக்கு ஒரு வழி பிறக்கும். அந்த எதிர்பார்ப்போடு ‘சாப்பர்’ பார்த்தால் ஏமாற்றம்தான். இங்கே வழி எதுவும் பிறப்பதில்லை. 94 நிமிடத்தில் ஒரு ஆளைச் சுற்றிச் சுற்றிக் காட்டிவிட்டு விட்டுவிடுகிறது. எனக்கு அது குறையாகப் படவில்லை. அவன் வாழ்க்கையிலும் தொடர்ச்சி என்று ஒன்று இல்லை. அவ்வப்போது வரும் வெறியும், பிறகு அதைப் பற்றிய பேச்சும்தான் இருந்தன.

ஆஸ்திரேலியர்கள் ஏன் கொண்டாடுகிறார்கள் என்று கேட்டீர்கள். எல்லாரும் கொண்டாடவில்லை என்பதை முதலில் சொல்ல வேண்டும். என்னோடு வேலை பார்த்த ஒரு பெரியவர், மெல்பர்னிலேயே பிறந்து வளர்ந்தவர், ரீட் பேரைக் கேட்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். அந்த ஆள் கால் விரலை வெட்டியதும் சுட்டதும் நிஜ மனிதர்களை, அவர்களுக்கும் அம்மா அப்பா உண்டு என்பார். அவர் படத்தைப் பார்க்கவே இல்லை. பார்க்கச் சொல்லி நானும் வற்புறுத்தவில்லை.

ஆனால் குற்றவாளியைக் கதைநாயகன் ஆக்குவதும், அதைப் பார்த்து மற்றவர்கள் கொதிப்பதும் இந்த நாட்டில் சினிமா பிறந்த நாளிலிருந்தே இருக்கிறது. உலகத்தின் முதல் முழுநீளக் கதைப்படம் என்று யுனெஸ்கோ ஏற்றுக்கொண்டிருக்கும் படம் 1906-இல் மெல்பர்னில் திரையிடப்பட்டது. அது நெட் கெல்லி என்ற கொள்ளைக்காரனின் கூட்டத்தைப் பற்றியது. கெல்லி மூன்று போலீஸ்காரர்களைக் கொன்ற சம்பவத்துக்காக 1880-இல் தூக்கிலிடப்பட்டவன். படம் வந்தபோது அவன் அம்மாவே உயிரோடு இருந்தார். ஜனங்கள் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்த்தார்கள். கெல்லி வாழ்ந்த வட்டாரத்தில் சில ஊர்களில் அதைத் திரையிடத் தடை விதித்தார்கள். 1912-இல் நியூ சவுத் வேல்ஸ் அரசு காட்டுக் கொள்ளையர் படங்களையே மொத்தமாகத் தடை செய்தது. நீங்கள் கேட்கும் கேள்வியைத்தான் அன்றைக்கு அரசாங்கம் கேட்டது, இது குற்றவாளிக்கு விளம்பரம் இல்லையா என்று. அந்த கெல்லியின் எலும்புகள்கூட 1929-இல் பென்ட்ரிட்ஜுக்கு மாற்றிப் புதைக்கப்பட்டு, 2011-இல்தான் டிஎன்ஏ சோதனையில் அடையாளம் தெரிந்தன. சாப்பர் உலாவிய அதே வளாகம்.

இதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இங்கே ஆண்கள் பேசும் விதம். எவ்வளவு பெரிய விபரீதத்தையும் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் குறைத்துச் சொல்வது ஒரு கலையாகவே இங்கே இருக்கிறது. கை ஒடிந்து தொங்கும், கேட்டால் கொஞ்சம் வலிக்கிறது என்பார்கள். அதேபோல் கதை அளப்பதற்கும் பெரிய மரியாதை உண்டு. ‘யார்ன்’ என்பார்கள். பப்பில் உட்கார்ந்து ஒருவர் யார்ன் விட ஆரம்பித்தால் அது நிஜமா பொய்யா என்று யாரும் குறுக்கே கேட்கக் கூடாது. நல்ல கதைக்கு உண்மை குறுக்கே வரக் கூடாது என்று ஒரு சொல்லே உண்டு. ரீட் இந்த இரண்டிலும் கைதேர்ந்தவர். அவர் புத்தகங்களைப் புரட்டினால் காது அறுத்ததைச் சொல்லும் குரலும் கோழி வளர்த்ததைச் சொல்லும் குரலும் ஒன்றாகவே இருக்கும். ஜனங்கள் அவர் செய்ததை மன்னித்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அந்தக் குரலில் மயங்கிவிட்டார்கள். நமக்கும் அப்படி நடக்கும். கிராமத்தில் ஊரையே ஏமாற்றிய ஆளாக இருந்தாலும், அவர் திண்ணையில் உட்கார்ந்து வாயைத் திறந்தால் பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்துவிடுவார்களே.

இயக்குநர் ஆண்ட்ரூ டொமினிக் இந்த மயக்கத்தைத்தான் படமாக எடுத்திருக்கிறார். நியூசிலாந்தில் பிறந்து ஆஸ்திரேலியாவில் வளர்ந்தவர், இதுதான் அவருடைய முதல் முழுநீளப் படம். படம் எங்கே தொடங்குகிறது என்று ஞாபகப்படுத்திப் பாருங்கள். கொலையிலோ கொள்ளையிலோ இல்லை. சிறை அறையில் வார்டர்களோடு உட்கார்ந்து டிவியில் தன் பேட்டியைத் தானே பார்த்துக்கொண்டிருக்கிறான் சாப்பர். தான் சொன்ன ஜோக்குக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் சிரிக்கிறார்களா என்று அவன் கண் ஓடுகிறது. முழுப் படமும் அந்தப் பார்வையில் இருக்கிறது.

நடுவில் போலீஸ்காரர்களோடு வரும் காட்சிகளிலும் இதேதான். தன்னைப் போலீஸ் ரகசியமாக ஏவி விட்டிருக்கிறது, ரவுடிகளைக் கொல்லத் தனக்குப் பச்சை விளக்கு காட்டியிருக்கிறார்கள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறான். யாரும் அப்படிச் சொல்லவில்லை. பிறகு நிஜமாகவே ஒருவனைச் சுட்டுவிட்டு வந்து சொல்கிறான், அதை அவர்கள் நம்பத் தயாராக இல்லை. இத்தனை நாள் அளந்து அளந்து, உண்மை சொல்லும் நாளில் அது செல்லாக்காசாகிவிட்டது. மெல்பர்னின் செயின்ட் கில்டா பகுதியில் ஒரு நைட் கிளப் வாசலில் 1987-இல் நடந்த நிஜச் சம்பவத்தைத் தழுவியது அந்தத் துப்பாக்கிச் சூடு. அதில் தற்காப்பு என்று சொல்லி ரீட் விடுதலையானார். உண்மையில் அந்த இரவு என்ன நடந்தது என்று படம் தீர்ப்புச் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதை நான் நேர்மை என்றே எடுத்துக்கொள்கிறேன்.

பானாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் இருக்க முடியாது. உங்களில் பலருக்கு அவரை ‘ட்ராய்’ படத்து ஹெக்டராகத் தெரிந்திருக்கும். ஆனால் 2000-இல் ஆஸ்திரேலியாவில் அவர் டிவி காமெடியன். மிமிக்ரி செய்பவர், ஸ்கெட்ச் நிகழ்ச்சிகளில் வருபவர். அவரை டிவியில் பார்த்துவிட்டு இவர் சரியாக இருப்பார் என்று சொன்னதே ரீட் தான். சிறைப் பகுதியை முதலில் ஒல்லியாக இருக்கும்போதே எடுத்து முடித்துவிட்டு, படப்பிடிப்பை நிறுத்தி, சுமார் 14 கிலோ ஏற்றிக்கொண்டு வந்து பிற்பாதியில் நடித்தார். ரீட் வீட்டில் போய் இரண்டு நாள் தங்கி அவர் பேச்சையும் நடையையும் கவனித்தார். ஒரு காமெடியனைப் போட்டது வெறும் தோற்ற ஒற்றுமைக்காக இல்லை என்று நினைக்கிறேன். மேடையில் நிற்கும் காமெடியனுக்குத்தான் ஒரு விஷயம் உடம்பில் ஊறியிருக்கும்: எதிரே இருப்பவர் சிரிப்பாரா மாட்டாரா என்று ஒவ்வொரு நொடியும் முகத்தைப் படிப்பது. சாப்பருக்கு வேண்டியதும் அந்தப் படபடப்புதான். அமெரிக்க விமர்சகர் ரோஜர் ஈபர்ட், பானாவிடமிருந்து கண்ணை எடுக்க முடியாது என்று எழுதினார். அந்த வருடம் ஆஸ்திரேலியத் திரைப்பட நிறுவனம் கொடுத்த ஏஎஃப்ஐ விருதுகளில் பானாவுக்கும், ஜிம்மியாக நடித்த சைமன் லிண்டனுக்கும், இயக்குநருக்கும் விருது கிடைத்தது. சிறந்த படம் என்ற விருது வேறு படத்துக்குப் போனது.

ஒளிப்பதிவை ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். சிறைக்காட்சிகள் நீலம் பூத்த வெளிறிய நிறத்தில் இருக்கும், வெளியே வந்த பிறகு எல்லாமே பச்சையும் சிவப்புமாகக் கண்ணைக் குத்தும். வெளியுலகம் அவனுக்கு எவ்வளவு ஒவ்வாததாகத் தெரிகிறது என்பதை அந்த நிறங்களே சொல்லிவிடும்.

இப்போது உங்கள் பக்கம் நின்று பேசுகிறேன். டான்யா வீட்டுக் காட்சி ஞாபகம் இருக்கிறதா? அதுதான் நான் முதலில் சொன்ன, சிரிப்பு நின்றுபோகும் இடம். டான்யா அவன் காதலி. சந்தேகம் தலைக்கேறி அவளை அவள் வீட்டிலேயே அடிக்கிறான். தடுக்க வந்த அவள் அம்மாவும் அடி வாங்குகிறாள். பிறகு கீத்தியிடம் பேசிய அதே அக்கறைக் குரல் மறுபடியும் வருகிறது, நடந்ததற்கெல்லாம் அவளே காரணம் என்பது போல. அதே குரல்தான், அதே தாளம்தான், ஆனால் இந்த முறை சிரிப்பு வரவில்லை. நான் ஒரு முறை ஏழெட்டுப் பேரோடு சேர்ந்து இந்தப் படத்தைப் பார்த்தேன். அதுவரை வசனத்துக்கு வசனம் சிரித்துக்கொண்டிருந்த அறை, அந்த இடத்தில் சட்டென்று அமைதியானது. ஒருவர் கையிலிருந்த கிளாஸை மேஜையில் வைத்தார், அந்தச் சத்தம் கேட்டது. பிறகு படம் முடியும்வரை பழைய சிரிப்பு திரும்பவில்லை. கீத்தியைக் குத்தியபோதும் இதேதானே நடந்தது, அப்போது ஏன் சிரித்தோம் என்று எங்களில் ஒருவர் பிறகு கேட்டார். அடிபடுபவன் ரவுடி என்பதால் நாங்கள் எங்களுக்கு விலக்குக் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

இருந்தாலும் இந்தப் படத்துக்கு ஒரு பலவீனம் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். டான்யாவை நமக்குத் தெரியவே தெரியாது. அவள் என்ன நினைத்தாள், பிறகு என்ன ஆனாள், அந்த அம்மா அடுத்த நாள் காலையில் எப்படி எழுந்தாள், எதுவும் கிடையாது. அடி வாங்கியவர்கள் எல்லாருமே சாப்பரின் கதையில் வந்து போகும் ஆட்கள் மட்டும்தான். அவன் பார்வையிலேயே படம் நகர்கிறது என்பது அதற்கு ஒரு விளக்கம். ஆனால் அந்த விளக்கம் எனக்கு முழுத் திருப்தி தருவதில்லை. என் அலுவலகப் பெரியவர் சொன்னதில் உள்ள நியாயம் இங்கேதான் இருக்கிறது.

விளம்பரம் ஆகிவிட்டதா என்றால், ஆகிவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். படம் வந்த பிறகு ரீட் இன்னும் பிரபலமானார், மேடை ஏறி ஊர் ஊராகக் கதை சொன்னார். அப்புறம் ஹீத் ஃபிராங்க்ளின் என்ற காமெடியன், மீசையும் கறுப்புக் கண்ணாடியுமாக சாப்பர் வேஷம் போட்டு டிவியில் பெரிய ஹிட் ஆனார். பானா செய்த ரீடை இவர் செய்தார். ஒரு தலைமுறைக்குச் சாப்பர் என்றால் அந்த ஜோக்குதான் தெரியும். ரத்தம், டான்யா, ஜிம்மி எல்லாம் உதிர்ந்து, மீசையும் குரலும் மட்டும் மிச்சம். உங்கள் நண்பர்களும் அந்த வழியாக வந்தவர்களோ என்னவோ. அது படத்தின் குற்றமா, பார்த்தவர்களின் குற்றமா என்று கேட்டால், பார்த்தவர்கள் பக்கம்தான் அதிகம் என்பேன். டொமினிக் அடுத்து எடுத்த படம் ஜெஸ்ஸி ஜேம்ஸ் என்ற அமெரிக்கக் கொள்ளைக்காரனையும், அவனைப் பார்த்துப் பார்த்து வியந்து, கடைசியில் சுட்டுக்கொன்ற ரசிகனையும் பற்றியது. இந்தக் கேள்வி அவரை விடவில்லை என்று தெரிகிறது.

படத்தில் ஜிம்மியைக் கடைசியாக எங்கே பார்க்கிறோம்? ஒரு அழுக்கு ஃபிளாட்டில், போதையில், கர்ப்பிணிக் காதலியும் குழந்தைகளும் சுற்றி இருக்க, நெற்றியில் சாப்பரின் துப்பாக்கி. அந்தக் காட்சியிலும் ஆட்கள் சிரிப்பதைப் பார்த்திருக்கிறேன். நிஜ ஜிம்மி லோக்னன் 1987 அக்டோபரில் இறந்தார். பென்ட்ரிட்ஜுக்குள் ஜிக்கா ஜிக்கா என்று ஒரு அதிபாதுகாப்புப் பகுதி இருந்தது. அங்கே நடத்தும் விதத்தை எதிர்த்துக் கைதிகள் உள்ளிருந்து கதவை அடைத்துத் தீ வைத்தார்கள். புகையில் ஐந்து பேர் செத்தார்கள். அவர்களில் ஒருவர் லோக்னன். இது தெரிந்த பிறகு அந்தக் கட்டிப்பிடிக்கும் காட்சியை என்னால் பழைய மாதிரி பார்க்க முடிந்ததில்லை.

நண்பர்களோடு மறுபடி பார்ப்பதாக இருந்தால் சப்டைட்டில் போட்டுக்கொள்ளுங்கள், மெல்பர்ன் பேச்சு வேகத்தில் பாதி வசனம் நழுவிவிடும். குழந்தைகள் இருக்கும் நேரத்தில் வேண்டாம். கடைசிக் காட்சி வரும்போது யாரையும் எழுந்து போக விடாதீர்கள். மறுபடியும் அதே சிறை அறை, அதே டிவி, அதே பேட்டி. சாப்பர் டிவியில் கலக்குகிறான், பக்கத்தில் வார்டர்கள் சிரிக்கிறார்கள், அவன் பூரித்துப்போய் உட்கார்ந்திருக்கிறான். நிகழ்ச்சி முடிகிறது. வார்டர்கள் எழுந்து குட் நைட் சொல்லிவிட்டுப் போகிறார்கள். கதவு பூட்டப்படுகிறது. கேட்க ஆள் இல்லாத அறையில் அவன் மட்டும் உட்கார்ந்திருக்கிறான், வாயில் பேச்சு இல்லை.